கலைக்கூடத்தில் பார்வையாளர் வட்டம்: நீங்களே தொடங்கலாம், வாங்க!

அரசு அருங்காட்சியகத்துக்கோ கலைக்கூடத்துக்கோ கடைசியாக எப்போது போனீர்கள்? யாரோடு போனீர்கள்? அங்கே முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு வார்த்தையாவது பேசினீர்களா?

மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலானவர்களின் பதில் “இல்லை” என்றுதான் இருக்கும். டிக்கெட் வாங்குகிறோம், வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகிறோம், நாலு போட்டோ எடுக்கிறோம், வெளியே வந்து டீ குடிக்கிறோம். பக்கத்தில் நின்று அதே சிலையைப் பார்த்தவர் யார், அவருக்கு என்ன தோன்றியது என்பது நமக்குத் தெரியாது. மறுபடி அந்த இடத்துக்குப் போக ஒரு காரணமும் இருப்பதில்லை.

இதை மாற்ற முடியும். ஒரே கூடத்துக்கு வந்து போகிறவர்களை ஒருவரையொருவர் அறிந்த ஒரு வட்டமாக ஆக்குவது எப்படி என்பதுதான் இந்தப் பாடம். பெரிய செலவு கிடையாது. ஒரு செல்போன், மாதத்தில் ஒரு மணி நேரம், கொஞ்சம் திட்டமிடல் இருந்தால் போதும். தஞ்சாவூர் அரண்மனை வளாகத்தில் உள்ள கலைக்கூடத்தை உதாரணமாக வைத்துப் பார்ப்போம். நீங்கள் எந்த மாவட்டத்தில் இருந்தாலும் அருகில் உள்ள அருங்காட்சியகத்துக்கு இதே முறை பொருந்தும்.

இதனால் நமக்கு என்ன பயன்?

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் ஓர் ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று இரண்டு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். 2001-ல் வெளியான அந்த ஆய்வின்படி சராசரி நேரம் 27 விநாடி. பாதிப் பேர் 17 விநாடிக்குள்ளேயே நகர்ந்துவிட்டார்கள். உலகப் புகழ்பெற்ற ஓவியங்களுக்கே இந்த நிலை என்றால், விளக்கப் பலகையில் ரெண்டே வரி எழுதியிருக்கும் ஒரு கற்சிலை முன் நாம் எவ்வளவு நேரம் நிற்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

தனியாகப் பார்க்கும்போது சீக்கிரம் சலிப்பு வந்துவிடுகிறது. “நமக்கு இதெல்லாம் என்ன புரியப்போகுது” என்ற தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. அந்தத் தயக்கத்தோடு வெளியே வருகிறவர் திரும்பி வருவது அரிது. அவர் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை பார்த்ததோடு சரி.

இதில் குடிமக்கள் சேவை சார்ந்த ஒரு விஷயமும் இருக்கிறது. அரசுக் கலைக்கூடம் மக்களின் சொத்து. அங்கே தமிழில் தெளிவான விளக்கம் இருக்கிறதா, உட்காரப் பெஞ்சு இருக்கிறதா, சக்கர நாற்காலி போக சாய்தளம் இருக்கிறதா என்று கேட்க வேண்டியவர்கள் அதைப் பயன்படுத்துகிறவர்கள்தான். ஒருமுறை வந்துவிட்டுப் போகிறவர் இதையெல்லாம் கேட்கமாட்டார். மாதாமாதம் வருகிற இருபது பேர் கேட்பார்கள், அவர்கள் கேட்டால் காது கொடுக்கவும் செய்வார்கள்.

கூட்டம் சேர்ந்தால் போதுமா?

போதாது. விடுமுறை நாளில் கூடம் நிரம்பி வழியலாம், அத்தனை பேரும் தனித்தனியாகத்தான் வந்து போகிறார்கள். ‘பங்கேற்பு’ என்று சொல்லப்படுகிற எல்லாமும் ஆட்களை இணைத்துவிடுவதில்லை.

2008-ல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் ‘கிளிக்!’ என்ற புகைப்படக் காட்சியை நடத்தியது. பொதுமக்களே படம் அனுப்பினார்கள். எந்தப் படத்தைச் சுவரில் மாட்டுவது என்பதையும் பொதுமக்களே இணையத்தில் மதிப்பெண் போட்டு முடிவு செய்தார்கள். ஒருவர் போட்ட மதிப்பெண் அடுத்தவர் மனத்தைப் பாதிக்கக் கூடாது என்பதற்காக, மதிப்பெண்களை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார்கள். தேர்வு நியாயமாக நடக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் மதிப்பெண் போட்டவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள அந்த ஏற்பாட்டில் வழி கிடையாது. அதன் நோக்கமும் அதுவல்ல.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது: எதை எதிர்பார்க்கிறோமோ அதற்குத் தகுந்த மாதிரிதான் ஏற்பாடு செய்ய வேண்டும். கருத்துப் பதிவேடு வைத்தால் கருத்து கிடைக்கும். செல்ஃபி போட்டி வைத்தால் செல்ஃபி கிடைக்கும். ஆட்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும் என்றால், அவர்கள் பேசுவதற்கான காரணத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

அமெரிக்காவில் சான்டா குரூஸ் நகர அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த நீனா சைமன், பங்கேற்பு அருங்காட்சியகம் பற்றி 2010-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் இந்தப் பயணத்தைப் படிப்படியாக விளக்குகிறார். முதலில் பார்வையாளர் தனியாகப் பார்க்கிறார். பிறகு எதையாவது செய்கிறார், எழுதுகிறார், தொடுகிறார். பிறகு தன்னைப் போல மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கிறார். கடைசிப் படியில்தான் முன்பின் தெரியாத இருவர் நேரில் பேசுகிறார்கள். முதல் படியில் நிற்பவரை நேராகக் கடைசிப் படிக்கு இழுக்க முடியாது என்பதுதான் இதில் முக்கியமான செய்தி. “எல்லாரும் உங்களை அறிமுகம் செஞ்சுக்கோங்க” என்று எடுத்த எடுப்பில் சொன்னால் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள்.

முதல் வேலை: பேச வைக்கும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்

கூடம் முழுவதையும் சுற்றிக் காட்டும் திட்டம் வேண்டாம். ஒரு சந்திப்புக்கு ஒரு பொருள், அதிகபட்சம் மூன்று. எல்லாப் பொருளும் பேச்சைத் தூண்டாது. பார்த்ததும் ஒரு கேள்வி எழ வேண்டும். அதற்குப் பதில் சொல்லப் படிப்பு தேவைப்படக் கூடாது.

தஞ்சைக் கலைக்கூடத்தில் அப்படி ஒரு செப்புத் திருமேனி இருக்கிறது. மயிலாடுதுறை மாவட்டம் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர். முதலாம் ராஜராஜன் காலத்தில், கி.பி. 1011-ல் செய்யப்பட்டது. தலைமுடியைப் பாம்புகளோடு சுற்றித் தலைப்பாகை போலக் கட்டியிருப்பார். ஒரு கையை எதன்மேலோ வைத்துச் சாய்ந்த மாதிரி நிற்பார். ஆனால் அந்தக் கைக்குக் கீழே ஒன்றும் இருக்காது. அங்கே நின்றிருக்க வேண்டிய காளை இன்று இல்லை.

இந்தச் சிலை முன்னால் நாலு பேரை நிறுத்தி, “இவர் எதன்மேல சாஞ்சிருக்கார்?” என்று மட்டும் கேளுங்கள். காளையைப் பற்றி நீங்களாகச் சொல்லாதீர்கள். ஒருவர் “தூண்” என்பார். இன்னொருவர் “பக்கத்துல அம்மன் இருந்திருக்கணும்” என்பார். ஒரு பிள்ளை அதே மாதிரி நின்று காட்டும். மாடு வளர்க்கும் ஒருவர் வந்திருந்தால், கை இருக்கும் உயரத்தையும் வளைவையும் பார்த்து அவரே கண்டுபிடித்துவிடக்கூடும். அந்த நேரத்தில் அங்கே அதிகம் தெரிந்தவர் யார்? பட்டப்படிப்பு படித்தவரா, மாட்டை அறிந்தவரா? இப்படிப்பட்ட ஒரு தருணம் போதும், வந்தவர்களுக்கு “நமக்குப் புரியாது” என்ற தயக்கம் விலகத் தொடங்கும்.

உங்கள் ஊர்க் கூடத்தில் இப்படி ஒரு பொருளைத் தேட, இந்த வகைகளைக் கவனியுங்கள்:

• ஏதோ ஒரு பகுதி உடைந்தோ காணாமலோ போனவை. முழுமையாக எப்படி இருந்திருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம்.
• வீட்டில் பயன்பட்ட பொருட்கள்: பழைய விளக்கு, அளவைப் படி, ஆபரணம், ஆயுதம். “எங்க பாட்டி வீட்ல இருந்துச்சு” என்று பேச்சு தானாக வரும்.
• உங்கள் வட்டாரத்திலேயே கிடைத்தவை. ஊர்ப் பெயரைக் கேட்டதும் ஒருவராவது நிமிர்ந்து பார்ப்பார்.
• பலர் சேர்ந்திருக்கும் காட்சி உள்ள ஓவியங்கள். யார் யாரிடம் என்ன சொல்கிறார் என்று கதை சொல்லலாம்.

மூன்றே கேள்விகள்

வழிகாட்டி வேலை செய்ய வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவுக்குத் தலைமை வகித்த ஃபிலிப் யெனவைனும், உளவியல் ஆய்வாளர் அபிகெய்ல் ஹௌசனும் சேர்ந்து ஓர் எளிய முறையை உருவாக்கினார்கள். அதில் மூன்று கேள்விகள் உண்டு. அவற்றை நம் பேச்சில் இப்படிக் கேட்கலாம்:

1. இங்கே என்ன நடக்குது?
2. எதைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க?
3. இன்னும் வேற என்ன தெரியுது?

இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. அது வாக்குவாதத்தைத் தடுக்கிறது. “நீங்க சொல்றது தப்பு” என்பதற்குப் பதிலாக எல்லாருடைய கண்ணும் சிலைக்கே திரும்புகிறது. யாராவது சொன்னதை வழிநடத்துபவர் தன் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும்: “அண்ணன் சொல்றாங்க, இடுப்பு வளைஞ்சிருக்கறதால இது ஆடற நிலைன்னு. அக்கா, நீங்க என்ன பார்க்கறீங்க?” தான் சொன்னதைக் கேட்டார்கள் என்று தெரிந்தவர் அடுத்த மாதமும் வருவார்.

சரியான தகவலை எப்போது சொல்வது? கடைசியில், ஐந்து நிமிடம் மட்டும். முதலிலேயே சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஒரு மணி நேரத் திட்டம்

ஆண்டுதோறும் ஏப்ரலில் பல நாடுகளில் ‘நிதானக் கலை நாள்’ நடத்தப்படுகிறது. 2010-ல் தொடங்கிய வழக்கம் இது. அன்று வருகிறவர்கள் ஐந்து படைப்புகளை, ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் பார்க்கிறார்கள். பிறகு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பார்த்ததைப் பற்றிப் பேசுகிறார்கள். வேறு எந்த விதியும் கிடையாது. அதை நம் வசதிக்குச் சுருக்கிக்கொள்ளலாம்:

• முதல் 10 நிமிடம்: வாசலில் கூடுதல். பெயரும், எந்த ஊர், எந்தத் தெரு என்பதும் போதும். வேலை, படிப்பு, பதவி கேட்க வேண்டாம்.
• அடுத்த 10 நிமிடம்: தேர்ந்தெடுத்த பொருளை அமைதியாகப் பார்த்தல். செல்போன் பையில் இருக்கட்டும். விரும்பினால் தாளில் வரையலாம்.
• அடுத்த 10 நிமிடம்: இரண்டிரண்டு பேராகப் பேசுதல். கூச்சம் உள்ளவர்களுக்கு இதுதான் எளிது.
• அடுத்த 15 நிமிடம்: எல்லாரும் சேர்ந்து, மூன்று கேள்விகளோடு.
• கடைசி 15 நிமிடம்: வெளியே டீ. அடுத்த சந்திப்புக்கான பொருளை வந்தவர்களே முடிவு செய்வது இந்த நேரத்தில்தான்.

டீயை விட்டுவிடாதீர்கள். உள்ளே பேசாதவர்கள் பலர் டீக்கடையில்தான் பேசத் தொடங்குவார்கள்.

எட்டு முதல் பன்னிரண்டு பேர் வந்தால் நல்லது. அதற்கு மேல் வந்தால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். நாளை மாற்றாதீர்கள். “மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை 10 மணி” என்று ஒன்றை வைத்துவிட்டால் நினைவூட்டலே தேவைப்படாது. அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை இடத்துக்கு இடம் மாறும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. உங்கள் ஊரில் எப்போது என்று விசாரித்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். முதல் கூட்டத்துக்கு ஒரு காரணம் வேண்டுமென்றால் மே 18 இருக்கிறது. அது சர்வதேச அருங்காட்சியக நாள்.

செல்போன் என்ன வேலை செய்ய வேண்டும்?

வாட்ஸ்அப் குழு தொடங்குவது ஒரு நிமிட வேலை. மூன்று மாதத்தில் அது ‘காலை வணக்கம்’ படங்களாலும் ஃபார்வர்டுகளாலும் நிரம்பிவிடுவதும் நாம் அறிந்ததே. குழு என்பது அடுத்த சந்திப்புக்கு அழைத்து வரும் கருவி. சந்திப்புக்குப் பதில் அது ஆகிவிடக் கூடாது.

1. செய்தி அனுப்பும் உரிமையை அட்மின்களுக்கு மட்டும் வையுங்கள். சந்திப்புக்கு முந்தைய மூன்று நாட்களும் பிந்தைய மூன்று நாட்களும் எல்லாருக்கும் திறந்துவிடலாம். குழு அமைப்புகளில் இந்த வசதி இருக்கிறது.
2. அட்மின் ஒருவராக இருக்க வேண்டாம். குறைந்தது மூன்று பேர், அதில் பெண்களும் இருக்கட்டும்.
3. குழுவில் சேர்ந்தால் தன் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியும் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். விரும்பாதவர்களுக்கு அட்மின் தனியாகச் செய்தி அனுப்பலாம். சந்திப்பு தவிர வேறு காரணத்துக்காக யாராவது ஓர் உறுப்பினருக்குத் தனியாகச் செய்தி அனுப்பித் தொந்தரவு செய்தால், புகார் வந்த அன்றே நீக்குங்கள்.
4. ஆட்களின் முகம் தெரியும் போட்டோவை அவர்கள் சம்மதம் இல்லாமல் பகிராதீர்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.
5. மாதம் ஒரு கேள்விப் படம் போடுங்கள்: சிலையின் ஒரு சிறு பகுதி மட்டும், “இது எந்தச் சிலையில இருக்கு? நேர்ல வந்து கண்டுபிடிங்க.” விடை குழுவில் வேண்டாம்.

கூடத்துக்குள் படம் எடுக்க அனுமதி உண்டா, கட்டணம் உண்டா என்று கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும் ஃப்ளாஷ் வேண்டாம்.

அழைப்புச் செய்தி இப்படி இருக்கலாம்:

“வணக்கம்! வர்ற ஞாயிறு காலை 10 மணிக்கு அருங்காட்சியக வாசல்ல சந்திக்கிறோம். ஒரே ஒரு சிலையைப் பார்க்கப் போறோம். முன்கூட்டியே எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல. பேசணும்னு கட்டாயம் இல்ல, கேட்க மட்டும்கூட வரலாம். நுழைவுக் கட்டணம் தவிர வேற செலவு கிடையாது. வீட்ல பெரியவங்களையும் பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க.”

யார் வரவில்லை என்று பாருங்கள்

முதல் சந்திப்புக்கு யார் வருவார்கள்? பெரும்பாலும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள், உங்களைப் போலப் படித்தவர்கள். அப்படியே விட்டால் வட்டம் என்பது நண்பர்கள் கூட்டமாகிவிடும். புதிதாக வருகிறவர் ஓரமாக நின்றுவிட்டுப் போய்விடுவார். பொதுச் சொத்து பற்றிய ஒரு வட்டத்தில் இது நடக்கக் கூடாது.

வராதவர்களுக்குக் காரணம் இருக்கும். ஞாயிறும் கடை திறக்கிறவர்களுக்கு மாலை நேரம் வேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்கு உட்கார இடம் வேண்டும். மடக்கு நாற்காலி நாலு கேட்டு வாங்கி வைத்தாலே பெரியவர்கள் நிம்மதியாக வருவார்கள். பார்வை இல்லாதவர் வந்தால், பக்கத்தில் இருப்பவர் சிலையை வார்த்தையில் விவரிக்கட்டும். விவரிப்பவர்தான் அன்று யாரையும் விட அதிகமாகப் பார்ப்பார். ஆங்கிலப் பெயர்ப்பலகை மட்டும் இருந்தால் யாராவது ஒருவர் அதைத் தமிழில் சொல்லிவிடுங்கள், கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

நம் கூடங்களுக்கே உரிய இன்னொரு விஷயமும் உண்டு. செப்புத் திருமேனி முன் ஒருவர் கைகூப்புவார். பக்கத்தில் ஒரு மாணவர் நோட்டில் வரைந்துகொண்டிருப்பார். மூன்றாமவர் உலோகக் கலவையைப் பற்றிக் கேட்பார். மூவருக்கும் அங்கே இடம் உண்டு. “இது கோயில் இல்லை” என்று ஒருவரையோ, “சாமிய இப்படியா பேசுறது” என்று மற்றவரையோ யாரும் கண்டிக்காமல் பார்த்துக்கொள்வது வழிநடத்துபவரின் பொறுப்பு. மதம், கட்சி, சாதி விவாதங்களுக்கு வட்டத்தில் இடமில்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கலை கூடத்துக்கு உள்ளேதான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சென்னை கண்ணகி நகரில் 2020-ல் குடியிருப்புக் கட்டடங்களின் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரையப்பட்டன. டிக்கெட் இல்லாத இப்படிப்பட்ட இடங்களில் சில சந்திப்புகளை வைத்தால், கூடத்துக்குள் வரத் தயங்குகிறவர்களை அங்கே சந்திக்கலாம். ஆனால் அது மக்கள் வாழும் இடம். குடியிருப்பவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காப்பாட்சியரிடம் பேசுங்கள்

பத்துப் பேர் ஒரு சிலை முன்னால் முக்கால் மணி நேரம் நின்றால் காவலருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. எனவே முன்கூட்டியே அருங்காட்சியகக் காப்பாட்சியரை நேரில் பார்த்து ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். அதில் நாள், நேரம், எத்தனை பேர், எந்தப் பொருள், பொறுப்பாளர் இருவரின் பெயரும் எண்ணும், “எதையும் தொடமாட்டோம், மற்றவர்களுக்கு வழி விடுவோம்” என்ற உறுதி ஆகியவை இருக்க வேண்டும். மாணவர்கள் வருவதாக இருந்தால் பள்ளியின் கடிதமும் இணையுங்கள். ஒப்புகை வாங்கிச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று சந்திப்புகளுக்குப் பிறகு உங்கள் அனுபவத்தை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். “எந்த வசதியும் இல்லை” என்று பொதுவாக எழுதினால் பயன் இல்லை. “இரண்டாவது அறையில் மூன்றாவது சிலையின் தமிழ் விளக்கம் அழிந்திருக்கிறது, புதிதாக வைக்கக் கோருகிறோம்” என்று குறிப்பாக எழுதுங்கள். காவலர்களையும் ஒருநாள் பேச அழையுங்கள். நாள் முழுக்க அந்தச் சிலைகளோடு இருப்பவர்கள் அவர்கள்தான். யார் எங்கே நிற்கிறார்கள், பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

வட்டம் நிலைக்கிறதா? எப்படித் தெரிந்துகொள்வது?

குழுவில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை நம்பாதீர்கள். ஒரு நோட்டில் இந்த மூன்றை மட்டும் குறித்து வாருங்கள்:

• இன்று வந்தவர்களில் இரண்டாவது முறையாக வந்தவர்கள் எத்தனை பேர்?
• முதல்முறை வந்தவர்களில், நீங்கள் அழைக்காமல் வேறோர் உறுப்பினர் அழைத்து வந்தவர்கள் எத்தனை பேர்?
• இன்று வழிநடத்தியவர் நீங்களா, வேறொருவரா?

ஆறு மாதத்துக்குப் பிறகும் மூன்றாவது கேள்விக்கு “நான்தான்” என்றே பதில் வந்தால், அடுத்த சந்திப்பை இன்னொருவரிடம் ஒப்படையுங்கள். அவர் வேறு மாதிரி நடத்துவார். நடத்தட்டும். நீங்கள் ஊரில் இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் பத்து மணிக்கு வாசலில் ஆட்கள் கூடியிருந்தால், வட்டம் உருவாகிவிட்டது என்று அர்த்தம்.

இந்த மாதம் செய்து பாருங்கள்

1. அருகில் உள்ள அரசு அருங்காட்சியகம் அல்லது கலைக்கூடத்தின் வேலை நேரம், விடுமுறை, கட்டணம் ஆகியவற்றை விசாரியுங்கள்.
2. தனியாக ஒருமுறை போய், பேச வைக்கும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். அதன் முன் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.
3. குடும்பத்தில் ஒருவர், பக்கத்து வீட்டில் ஒருவர், உங்களுக்கு அதிகம் பழக்கமில்லாத ஒருவர் என மூன்று பேரை அழையுங்கள்.
4. மூன்று கேள்விகளையும் கேளுங்கள். வெளியே வந்து டீ குடியுங்கள்.
5. கிளம்பும் முன் அடுத்த நாளைக் குறியுங்கள். வாட்ஸ்அப் குழுவை அதற்குப் பிறகு தொடங்குங்கள்.